முகத்துக்கு முன்னால் வந்த குரல்

என் முதல் படத்தை நான் காஞ்சிபுரத்தில்தான் பார்த்தேன். சென்னையில் படக்குழுவோடு சேர்ந்து பார்க்க அழைப்பு இருந்தது. நான் போகவில்லை. எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போன முதல் ஆளும் நான். இப்போது திரையில் வரப்போகிற முதல் ஆளும் நானாக இருக்கும்போது, நைனாவையும் அம்மாவையும் விட்டுவிட்டு அதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

நைனா ஆட்டோ ஓட்டுகிறவர். அன்று ஸ்டாண்டுக்குப் போகாமல், வண்டியைக் கழுவிப் பூப்போட்டு, செவிலிமேட்டிலிருந்து எங்களைத் தியேட்டருக்கு அழைத்து வந்தார். போகிற வழியில் தெரிந்தவர்களைக் கண்டால் வண்டியை மெதுவாக்குவார். அவர்கள் கேட்காமலே, "பொண்ணு படம்பா" என்பார். அம்மா நெசவுக்காரர்களுக்கு வீட்டிலிருந்தே நூல் சுற்றிக் கொடுக்கிறவள். விரலில் ஒட்டியிருந்த சாயம் போகவில்லை என்று வழியெல்லாம் கையைத் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

படம் தொடங்கியது. ஒரு வயல், ஒரு வரப்பு, அதன்மேல் நான் ஓடி வருகிறேன். தியேட்டரில் எங்கள் தெருவே உட்கார்ந்திருந்தது. விசில் பறந்தது. திரையில் நான் வாயைத் திறந்தேன். வேறு ஒருத்தி பேசினாள்.

நல்ல குரல்தான். மெல்லிசாக, கொஞ்சலாக, எந்த ஊர் என்றே சொல்ல முடியாத குரல். அந்தப் படம் முழுவதற்கும் நான் டப்பிங் பேசிக் கொடுத்திருந்தேன். நாயகி பாடுகிற தாலாட்டையும் நானே பாடியிருந்தேன். தாலாட்டு வந்தபோது அதுவும் வேறு குரலில் வந்தது.

அம்மா என் பக்கம் சாய்ந்தாள். "யாருதுமா இந்தக் கொரலு?"

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்போ உனுக்கு ஜுரம் கிரம் வந்துச்சா?" என்று மறுபடியும் கேட்டாள்.

நைனா அவள் முழங்கையைத் தொட்டு, "சும்மா பாரு" என்றார். இடைவேளையில் அவர் வாங்கி வந்த முறுக்கை யாரும் பிரிக்கவில்லை.

மறுநாள் தொலைபேசியில் காரணம் சொன்னார்கள். நான் பேசுகிற விதம் நாயகிக்குப் பொருந்தவில்லையாம். "அந்த இருக்குது, வருது எல்லாம் கொஞ்சம் லோக்கலா இருக்கும்மா. நீ முகத்தப் பாத்துக்கோ, குரலை நாங்க பாத்துக்கறோம்" என்றார் பேசியவர். முகம் எனக்கு அம்மாவும் நைனாவும் கொடுத்தது. அதற்காக நான் எதுவும் செய்யவில்லை. குரல்தான் நான் உண்டாக்கியது. பள்ளியில் காலை வழிபாட்டில் பாடிப் பாடி, கல்லூரி விழாக்களில் பாடி, பாட்டு வகுப்புக்குப் பேருந்தில் போய் வந்து நானாகச் சேர்த்த சொத்து அது. அதை எடுத்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொண்டார்கள்.

ஒரு யூடியூப் சேனலில் பேட்டி கேட்டார்கள். படத்தில் பிடித்த காட்சி எது என்றார்கள். "அந்தப் படத்துல இருக்கறது என் முகம் மட்டும்தான். குரல் என்னோடது இல்ல. என்னைக் கேக்காம மாத்திட்டாங்க" என்றேன். அந்தத் துண்டை மட்டும் வெட்டி, மேலே நெருப்புப் படம் போட்டு ஓட்டினார்கள். பிறகு யாரும் என்னைக் கூப்பிடவில்லை. பேசி முடித்திருந்த இரண்டாவது படத்தில் வேறு பெண் நடித்தாள். பிரச்சினை பண்ணுகிற பெண் என்று எனக்குப் பெயர் வந்தது. நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

சென்னையில் எடுத்திருந்த அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்குத் திரும்பினேன். கல்யாண வரவேற்புகளில் பாடுகிற ஒரு ஆர்கெஸ்ட்ராவில் சேர்ந்தேன். பாடுவதற்கு எந்த மேடையும் எனக்குக் குறைவில்லை. ஆனால் அந்தப் பேட்டி எனக்கு முன்னாலேயே எல்லா மண்டபத்துக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் நண்பன் ஒருவன் மேடையேறி வந்தான்.

"அக்கா, இது உங்க வாய்ஸா, இல்ல இதுவும் டப்பிங்கா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் வரை சிரித்தார்கள். நான் வாத்தியங்களை நிறுத்தச் சொல்லிவிட்டு வெறும் குரலில் ஒரு பல்லவியைப் பாடிக் காட்டினேன்.

"மைக்லயே செட் பண்ணி வெச்சிருப்பாங்கடா" என்று கீழேயிருந்து இன்னொருவன் சொன்னான். அதற்கும் சிரித்தார்கள். கல்யாண மேடைகளில் ஒலிநாடாவை ஓடவிட்டு வாயை மட்டும் அசைக்கிறவர்களை அவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது.

அன்று வீட்டுக்கு வரும்போதுதான் நிலைமை எனக்கு முழுதாகப் புரிந்தது. அந்தக் குரல் என்னுடையது இல்லை என்று நான் சொன்னேன். எனக்குக் குரலே இல்லை என்று ஊர் எடுத்துக்கொண்டது. இனி என் வாயிலிருந்து எது வந்தாலும் அது என்னுடையதுதான் என்று நம்பவைக்க வேண்டும். அது நடக்காவிட்டால் சினிமா மட்டும் அல்ல, இந்த ஊர் மண்டபம்கூட எனக்கு இல்லை.

இந்த நேரத்தில்தான் நைனாவின் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிற, நான் அண்ணன் என்று கூப்பிடுகிற ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஸ்டாண்டில் எல்லோருக்குமே என் அப்பா நைனாதான். அண்ணன் பகலில் ஆட்டோ ஓட்டுவார். திருவிழாக் காலத்தில் ஒரு ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், ராணி வேஷம் கட்டுவார். சுற்றுப்பக்கத்து ஊர்களில் அவர் ராணிக்குத் தனி மரியாதை. புடவை கட்டிக்கொண்டு அவர் களத்தில் இறங்கினால் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

"தங்கச்சி, நீ ராணியா வரியா? நான் மீசை வெச்சிக்கிறேன்" என்றார்.

"இன்னாபா சொல்ற?" என்றார் நைனா.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து ராணியாவே இருந்துக்கினு இருக்கேன் நைனா. மீசை வெச்சா நான் எப்படி இருப்பேன்னு என் பொண்டாட்டிக்கே தெரியாது. கட்டியக்காரன் வேஷம் தரேன்றாரு வாத்தியாரு. ராணிக்கு ஆள் கொண்டாந்தாத்தான் தருவாராம்."

கட்டியக்காரன் என்பவன் கூத்தின் கோமாளி. ராஜாவை அறிவிப்பவனும் அவன்தான், ராஜாவைக் கிண்டல் செய்பவனும் அவன்தான்.

"கூத்துல பொம்பளைங்க ஆடுமா?" என்று அம்மா கேட்டாள்.

"இப்போல்லாம் ஆடுதுங்கமா. நான் பொம்பளயா ஆடுனா ஊரு கும்புடுது. பொம்பளயே ஆடுனா ஊரு நாலு வார்த்தை பேசும். உன் பொண்ணப் பத்தி ஏற்கனவே பேசிக்கினுதான இருக்கறாங்க, புதுசா இன்னா பேசப் போறாங்க?"

அம்மாவுக்குக் கோபம் வந்து, பிறகு சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு முடிவு செய்ய உதவியது அவர் அடுத்துச் சொன்னதுதான். "சினிமாவுல மொத மூஞ்சி வரும். கொரலு அப்பறம் எப்போ வேணா வரும். நம்ம கூத்துல மொத கொரலு. ரெண்டு பேரு துணியப் புடிச்சிக்கினு நிப்பாங்க. அதுக்குப் பின்னாடி நின்னு, நீ யாரு, எந்த நாடு, யாரு பொண்ணுன்னு பாடி முடிக்கற வரைக்கும் ஒருத்தனும் உன் மூஞ்சியப் பாக்க முடியாது."

சிறு வயதிலிருந்து எத்தனையோ கூத்து பார்த்திருக்கிறேன். அந்தத் துணி எப்போது விலகும் என்று காத்திருந்திருக்கிறேன். ஆனால் இப்படி அதை நினைத்துப் பார்த்ததில்லை. வருகிறேன் என்று சொன்னேன்.

ஜமாவை நடத்துகிற வாத்தியாருக்கு என்மேல் நம்பிக்கை இல்லை. அவர்கள் ஜமாவுக்கு ஓய்வே கிடையாது. மாசி தொடங்கினால் ஆடி வரை ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருப்பார்கள். தேதி கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிற ஜமா அது. "சினிமாவுக்குப் போன பொண்ணு பாதியில போய்டும்" என்று என் எதிரிலேயே அண்ணனிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். "ஒரு ஊரு பாப்போம்மா. ஊர்க்காரங்க வாயத் தொறந்து எதுனா சொன்னா அதோட சரி. அப்பறம் நீயும் வருத்தப்படக் கூடாது, உங்க நைனாவும் ஸ்டாண்டுல எங்கிட்ட மூஞ்சத் திருப்பிக்கக் கூடாது." நான் சரி என்றேன்.

பாடத்தை நான் விரைவாகவே மனப்பாடம் செய்துவிட்டேன். குரல்தான் பாடுபடுத்தியது. ஸ்டூடியோவில் எனக்குப் பழக்கியது வேறு. மைக்குக்குப் பக்கத்தில் நின்று, மூச்சு கேட்காமல், காதில் சொல்வது போலப் பாட வேண்டும். கூத்தின் சுருதி எங்கேயோ உயரத்தில் இருக்கும். மத்தளத்தையும், முகவீணை என்கிற சின்ன நாயனத்தையும் தாண்டிக் கடைசி வரிசை வரை குரலை எறிய வேண்டும். வீட்டில் பாடினால் தெருவே எட்டிப் பார்க்கும் என்பதால் காலையில் பாலாற்றுப் பாலத்துக்குக் கீழே போய்விடுவேன். மேலே பேருந்துகள் போகும். கீழே மணலில் நின்று நான் கத்துவேன். ஒரு நாள் மாடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் நின்று, "யாரும்மா உன்ன அடிச்சது?" என்று கேட்டார். ராணி பாட்டு என்று சொன்னேன். "ராணிய யாரு அடிச்சது?" என்று கேட்டுவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போனார். சில வாரம் கழித்து அதே ஆள் அதே இடத்தில் வெகு நேரம் நின்றார். எதுவும் கேட்கவில்லை.

முசரவாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊர். அம்மன் கோயில் திருவிழா. ஊருக்குள் நுழையும்போதே பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். என் படத்திலிருந்து எடுத்த முகம், அதன் கீழே "திரை நட்சத்திரம் நேரில் தோன்றும்" என்று எழுத்து. ஜமாவின் பெயர் ஓர் ஓரத்தில் இருந்தது.

அண்ணன் அதை நின்று பார்த்தார். "உன் மூஞ்சி எத்தினி பெருசா கீது பாரு. நான் இத்தினி நாளா வளத்த மீசை எங்க கீதுன்னே தெரியல." பேனரின் மூலையில் அவர் படம் பழைய ராணி வேஷத்திலேயே இருந்தது.

பத்து மணிக்கு மேல் மைக் கூடாது என்று போலீஸ் சொல்லியிருந்ததால் ஆறரைக்கே கூத்தைத் தொடங்கிவிட்டார்கள். வானத்தில் இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது. அம்மா முன்வரிசையில் தரையில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தாள். நைனா பின்னால் ஆட்டோவுக்குப் பக்கத்தில் நின்றார். அவரால் உட்கார முடியவில்லை என்று பிறகு சொன்னார்.

அண்ணன் கட்டியக்காரனாக இறங்கி, தன் மீசையைப் பற்றியே கொஞ்ச நேரம் பேசிச் சிரிக்கவைத்தார். பிறகு ராணி வருவதை அறிவித்தார். இரண்டு பேர் திரையைப் பிடித்தார்கள். அது மெல்லிய பழைய துணி. விளக்கு வெளிச்சம் அதில் ஊறி என் முகத்துக்கு முன்னால் மஞ்சளாக நின்றது. மைக்கை என் கையில் கொடுத்தார்கள். அந்தப் பக்கம் இளைஞர்களின் சத்தம் நன்றாகவே கேட்டது.

"திரைய எறக்குபா, மூஞ்சப் பாக்கணும்."

"பாட்ட யாருனா பாடிக்கட்டும், நீ மூஞ்சியக் காட்டுமா."

"அதான் டப்பிங் வெச்சிருப்பாங்களே, மெதுவா வரட்டும்."

வாத்தியார் ஆர்மோனியத்தில் சுருதி கொடுத்தார். முதல் அடியைப் பாடினேன். பாலத்துக்குக் கீழே பாடியது போலவே குரல் ஏறியது. பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடினார்கள். இரண்டாவது அடிக்கு வாயைத் திறந்தேன். மூன்றாவது அடியின் சொற்கள் வந்துவிட்டன.

கூத்தில் தப்பு வந்தால் நிறுத்தக் கூடாது. இழுத்தோ, திருப்பியோ, எதையாவது பாடியோ போய்க்கொண்டே இருக்க வேண்டும். மத்தளக்காரர் மூடிக்கொடுப்பார். எல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்ததுதான். ஆனால் என் வாய், தப்பு வந்தால் நிறுத்தி இன்னொரு டேக் கேட்கிற சினிமாவில் பழகிய வாய். பாட்டைச் சட்டென்று நிறுத்தினேன். கையிலிருந்த மைக்கில், தெளிவாக, "ஸாரி, ஒன் மோர்" என்றேன்.

மத்தளம் நின்றது. முகவீணை நின்றது. திரை பிடித்திருந்தவர்களில் ஒருவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். ராணி திரைக்குப் பின்னாலிருந்து ஸாரி சொன்னது அந்த ஊர்க் கோயில் ஒலிபெருக்கியில் வயல் வரைக்கும் போயிருக்கும்.

பிறகு சிரிப்பு வந்தது. முதலில் முன்வரிசைப் பெண்கள், பிறகு எல்லோரும். அது கல்யாண மண்டபத்தில் கேட்ட சிரிப்பு போல இல்லை என்பது எனக்கு அந்த நொடியில் தெரியவில்லை. வாத்தியார் சொன்ன நிபந்தனைதான் தலைக்குள் ஓடியது. ஊர் வாயைத் திறந்துவிட்டது, அதோடு சரி.

அண்ணன் களத்தின் நடுவில் வந்து நின்றார். தொப்பியைக் கழற்றித் திரையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"தாயே, மகாராணி. இது ராஜசபை. இங்க ஒன் மோர் கெடையாது. ஒரு தபா வாயத் தொறந்தா தொறந்ததுதான்."

கூட்டம் மறுபடியும் சிரித்தது. அவர் இளைஞர்கள் பக்கம் திரும்பினார்.

"இன்னாங்கடா, டப்பிங்கு டப்பிங்குன்னு கத்திக்கினு இருந்தீங்க? டப்பிங்கு ஸாரி சொல்லுமாடா?"

யாரோ ஒருவன், "சொல்லாதுபா" என்றான்.

"அப்போ உள்ள இருக்கறது யாரு?"

"அதே பொண்ணுதான்பா" என்று ஒரு பெண்மணி உரக்கச் சொன்னாள். "எங்கூட்டுப் பொண்ணு மாதிரியே கீதுடா கொரலு. பாட வுடுங்கடா."

சத்தம் அடங்கியது. வாத்தியார் எனக்காக ஆர்மோனியத்தில் மறுபடியும் அதே சுருதியைப் பிடித்தார். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் சுருதியை அவர் குறைக்கவில்லை. குறைத்துக் கொடுத்திருந்தால்தான் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும்.

முதல் அடியிலிருந்து தொடங்கினேன். இரண்டாவது அடி அதன் இடத்தில் வந்தது. மூன்றாவது, நான்காவது. கடைசி அடியில் ராணி தன் பெயரைச் சொல்ல வேண்டும். அந்தச் சொல்லைச் சுருக்கமாக முடிக்கச் சொல்லித்தான் பேசி வைத்திருந்தோம், பத்து மணிக்குள் எல்லாம் முடிய வேண்டும் என்பதால். நான் முடிக்கவில்லை. அதைப் பிடித்து மேலே கொண்டு போனேன். இன்னும் மேலே போனேன். முகவீணைக்காரர் என்னோடு வந்தார். பிறகு அவர் நிறுத்திவிட்டு என்னைத் தனியாகப் பாட விட்டார். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. மூஞ்சியைக் காட்டச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் அந்தத் துணி விலக வேண்டும் என்று அவசரம் இல்லை. படம் பார்க்க ஆட்டோவில் போன நாளிலிருந்து எனக்கு வர வேண்டியிருந்தது என் கையில் வந்து சேர்ந்துவிட்டது. அதன் பிறகுதான் காலைத் தட்டிச் சலங்கையால் சைகை கொடுத்தேன். திரை இறங்கியது.

பேனரைப் பார்த்து வந்த கூட்டம் என் முகத்தைப் பார்த்தது. முகத்தில் அரிதாரமும் நெற்றிப் பட்டமும் இருந்தன. பேனரில் இருந்த பெண்ணை அதில் யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. முன்வரிசைப் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

கூத்து முடிந்து வேஷம் கலைத்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்தாள். நான் ஸாரி சொன்ன நேரத்தில் பக்கத்திலிருந்த அம்மாள், "யாருமா அது, இப்படிப் பேசுது?" என்று கேட்டாராம்.

"நீ இன்னா சொன்ன?" என்றேன்.

"என் பொண்ணுதான், வீட்லயும் அப்படித்தான், தப்பா ஊத்திட்டா டீயவே திருப்பி ஊத்தும்னு சொன்னேன்." தேங்காய் எண்ணெய் தொட்டு என் கன்னத்து அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் படத்துல பேசுனா பாரு, அவளால இந்த ஏத்தம் ஏறி இருக்க முடியாது" என்றாள். அம்மா அதுவரை என் பாட்டைப் பற்றி எதுவும் சொன்னதில்லை.

வாத்தியார் ஆர்மோனியத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தார். "ஊர்க்காரங்க வாயத் தொறந்தாங்கமா" என்றார். நான் எழுந்து நின்றேன். "அடுத்த வருசத்துக்கும் இதே ராணிதான் வேணும்னு சொன்னாங்க. சனி ஒரு ஊரு, ஞாயிறு ஒரு ஊரு இருக்குது. அந்த ஒன் மோர் மட்டும் வேணாம்."

அது அவர் கையில் இல்லாமல் போயிற்று. யாரோ எடுத்த வீடியோத் துண்டு கைபேசிகளில் சுற்றி, அடுத்த ஊர்களில் நான் தப்பில்லாமல் பாடியபோது சனங்கள் ஏமாந்தார்கள். "ஒன் மோர் எங்கபா?" என்று கேட்டார்கள். அண்ணன் அதைத் தன் வசனமாக்கிக்கொண்டார். இப்போது ஒவ்வொரு ஊரிலும் ராணி பாடும் முன் அவர் திரையைப் பார்த்துக் கும்பிட்டு, இது ராஜசபை, இங்கே ஒன் மோர் கிடையாது என்று எச்சரிக்கிறார். முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது அது இல்லாவிட்டால் சுருதி சேராதது போல இருக்கிறது.

அந்தத் துண்டைப் பார்த்துவிட்டுத்தான் சென்னையிலிருந்து ஒரு புது இயக்குநர் கூப்பிட்டார். இந்தப் பக்கத்துக் கதை, இந்தப் பக்கத்துப் பேச்சு, படப்பிடிப்பில் பேசுவதையே அப்படியே பதிவு செய்கிறோம், பாட்டும் நீங்களே பாட வேண்டும் என்றார். நான் அதைப் பேச்சோடு விடவில்லை. குரலை மாற்றக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னேன். எழுதி வந்ததை ஒவ்வொரு வரியாக நானே படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். எங்கள் வீட்டில் அதைச் செய்யக்கூடிய ஒரே ஆள் நான் என்பது அப்போது நினைவுக்கு வந்து, பேனாவை மூட மறந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அவர்களுடைய மேனேஜர் படப்பிடிப்புத் தேதிகளைப் படிக்க ஆரம்பித்தார். ஆடியில் கடைசி இரண்டு வாரம், பிறகு ஆவணி முழுவதும் என்றார்.

"ஆடியில முடியாது சார்" என்றேன். "எனக்குக் கூத்து இருக்குது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் இன்னொரு முறை சொல்லவில்லை. ஆடியை அடித்துவிட்டுப் புரட்டாசி என்று எழுதிக்கொண்டார்.